காய்ச்சல் எத்தனையாம் நாள்? உறுப்பு மாற்றுத் தொற்றுகளை மாநாட்டுச் சுருக்கமாக எழுதும் முறை

“சிறுநீரக மாற்று செய்துகொண்ட 52 வயது ஆணுக்குக் காய்ச்சல், இருமல். நுரையீரலில் தொற்று இருப்பது தெரியவந்தது.” இப்படித் தொடங்கும் ஆய்வுச் சுருக்கத்தைப் படிக்கிற மதிப்பீட்டாளருக்கு உடனே கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். மாற்று நடந்து எத்தனை நாள்? உறுப்பு உயிருள்ளவர் தந்ததா, மூளைச்சாவு அடைந்தவருடையதா? தொடக்கத்தில் தைமோகுளோபுலின் (நோயெதிர்ப்பைக் கடுமையாக ஒடுக்கும் மருந்து) கொடுத்தார்களா? உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸின் ரத்த அளவு என்ன? தொற்று வராமல் தடுக்கும் முற்காப்பு மருந்துகளான கோட்ரைமாக்சசோலும் வால்கான்சிக்ளோவிரும் தொடர்கின்றனவா, நிறுத்தியாயிற்றா? இந்த விடைகள் இல்லாமல் அந்த இரண்டு வரிகளை வைத்து யாராலும் எதையும் சிந்திக்க முடியாது. நல்ல கேஸ்களும் கடினமாக உழைத்த ஆய்வுகளும் மாநாட்டில் தள்ளுபடி ஆவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நோய் அபூர்வமாக இருக்கும். நோயாளி காலக்கோட்டில் எங்கே நிற்கிறார் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்காது.

காலக்கோடு ஏன் இவ்வளவு முக்கியம்? உறுப்பு மாற்றுக்குப் பின் முதல் மாதத்தில் வருபவை பெரும்பாலும் அறுவைக் காயம், வடிகுழாய், மருத்துவமனைக் கிருமிகள், உறுப்போடு வந்த தொற்றுகள். ஒன்று முதல் ஆறு மாதம் வரை நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்துகளின் முழு வீச்சு; சைட்டோமெகலோ வைரஸ் (இனி சி.எம்.வி.), நியூமோசிஸ்டிஸ் உள்ளிட்ட பூஞ்சைகள், மறைந்திருந்த காசநோய் ஆகியவை தலைகாட்டும் காலம். ஆறு மாதத்துக்குப் பிறகு, மருந்தளவு குறைந்தவர்களுக்கு ஊரில் எல்லோருக்கும் வருகிற தொற்றுகளே அதிகம். முற்காப்பு மருந்து கொடுத்தால் இந்த வரிசை தள்ளிப்போகும். உறுப்பு நிராகரிப்புக்கு இடையில் சிகிச்சை தரப்பட்டிருந்தால் கடிகாரம் பின்னால் திருப்பி வைக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். ஆகவே “மாற்றுக்குப் பின் 14ஆம் மாதம்” என்று மட்டும் எழுதிவிட்டு, 12ஆம் மாதத்தில் நிராகரிப்புக்காகத் தைமோகுளோபுலின் கொடுத்ததை விட்டுவிட்டால் படிப்பவர் தவறான பாதையில்தான் போவார். ரத்தத் தண்டு அணு (ஸ்டெம் செல்) மாற்றில் கணக்கே வேறு: அணுக்களை ஏற்றிய நாள் பூஜ்ஜியம், நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) மீண்ட நாள், ஒட்டு எதிர்ப்பு நோய் (ஏற்றிய அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது) வந்ததா, அதற்கு ஸ்டீராய்டு எவ்வளவு என்பவை கட்டாயம்.

எந்தக் கேஸை அனுப்பலாம்

அபூர்வம் என்பது மட்டும் போதாது. “உலகிலேயே முதல் முறையாக” என்ற சொற்றொடரைப் பார்த்தவுடன் மதிப்பீட்டாளர் தேடத் தொடங்குவார்; ஐந்து நிமிடத்தில் பழைய அறிக்கை ஒன்று கிடைத்துவிட்டால் மற்ற வரிகள்மீதும் நம்பிக்கை போய்விடும். உண்மையிலேயே தேடியிருந்தால், எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதி வரை தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதுவது பாதுகாப்பு. அதைவிட வலுவான கேஸ், படிப்பவரின் நாளைய முடிவை மாற்றக்கூடியது. நன்கு தெரிந்த கிருமி எதிர்பாராத வழியில் வந்திருக்கலாம். வழக்கமான சோதனை ஏமாற்றியிருக்கலாம். பூஞ்சை மருந்து டாக்ரோலிமஸ் அளவைக் குலைத்து, தொற்று குணமானாலும் சிறுநீரகம் கெட்டிருக்கலாம்.

ஒரு கேஸைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காகக் கட்டியது இது. இதில் வரும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஒரு குடற்புழு, ஐவர்மெக்டின் அதற்கான மருந்து. முதல் வரைவு இப்படி இருக்கிறது: “சிறுநீரக மாற்று நோயாளி கடும் வாந்தி, மூச்சுத்திணறலுடன் சேர்க்கப்பட்டார். ரத்தத்தில் ஈ கோலை வளர்ந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிலை மோசமானது. பின்னர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் கண்டறியப்பட்டு ஐவர்மெக்டின் தரப்பட்டது. நோயாளி குணமடைந்தார்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள ஏதுமில்லை. திருத்திய வடிவம்: “மூளைச்சாவு அடைந்த கொடையாளரின் சிறுநீரகம் பெற்ற 52 வயது ஆண், தைமோகுளோபுலின் தொடக்கச் சிகிச்சை, டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன் தொடர்கின்றன. 47ஆம் நாள் வாந்தி, மூச்சுத்திணறல், ஈ கோலை ரத்தத் தொற்று. ஈசினோஃபில் எண்ணிக்கை இயல்பு. கிருமி கட்டுப்படக்கூடிய ஆன்டிபயாடிக் தந்தும் 51ஆம் நாள் ரத்தத்தில் மீண்டும் அதே கிருமி. நுரையீரல் கழுவுநீரில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இளம்புழுக்கள். பெறுநரின் மாற்றுக்கு முந்தைய சேமிப்பு சீரத்தில் எதிர்ப்பொருள் இல்லை. கொடையாளரின் சேமிப்பு சீரத்தில் உண்டு.”

இப்போது படிப்பவருக்கு மூன்று விஷயங்கள் தாமாகப் புரிகின்றன. ஸ்டீராய்டு (இங்கே பிரட்னிசோலோன்) எடுப்பவருக்கு, புழுத்தொற்றில் வழக்கமாக உயரும் வெள்ளணுவான ஈசினோஃபில் உயராமலே தொற்று கடுமையாகலாம். திரும்பத் திரும்ப வரும் குடல் பாக்டீரியா ரத்தத் தொற்றுக்குப் பின்னால், குடல்சுவரைத் துளைத்துச் செல்லும் புழு இருக்கலாம். அது போகும் வழியெல்லாம் பாக்டீரியாவைச் சுமந்து செல்கிறது. தொற்று கொடையாளரிடமிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதும் தெரிகிறது. சொற்கள் ஏறக்குறைய இரு மடங்கு; ஆனாலும் எந்த மாநாட்டின் வரம்புக்குள்ளும் அடங்கும். இடம் வேண்டுமானால் “ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்பது மண் வழியாகப் பரவும் ஒரு புழு” போன்ற பாடப்புத்தக வரியை வெட்டுங்கள். தொற்றுநோய் மாநாட்டுக்கு வருபவருக்கு அது தெரியும்.

இந்தக் கேஸில் இன்னொரு கேள்வியும் தொங்கி நிற்கிறது. அதே கொடையாளரின் இன்னொரு சிறுநீரகமும் கல்லீரலும் யாருக்குப் போயின? அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? கொடையாளர்வழித் தொற்றை நிரூபணமானது, பெரிதும் சாத்தியம், சாத்தியம், சாத்தியம் குறைவு, விலக்கப்பட்டது எனத் தரம் பிரித்துச் சொல்வது இத்துறையின் வழக்கம். மற்ற பெறுநர்களின் நிலை, மாற்றுக்கு முந்தைய மாதிரி, கிருமிகளின் மரபணு ஒப்பீடு ஆகியவை தரத்தை உயர்த்தும் ஆதாரங்கள். “கொடையாளரிடமிருந்து வந்தது” என்று மொட்டையாக எழுதாமல் எந்தத் தரம், எந்த ஆதாரத்தால் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இதில் ஒரு கடமையும் அடங்கியிருக்கிறது. சந்தேகம் எழுந்த அன்றே உறுப்புப் பகிர்வு அமைப்புக்கும் மற்ற மருத்துவமனைகளுக்கும் தகவல் போயிருக்க வேண்டும். மற்ற பெறுநருக்கு ஐவர்மெக்டின் கொடுக்க வேண்டிய நாட்களில் நாம் சுருக்கம் எழுதிக்கொண்டிருந்தோம் என்ற நிலை வரவே கூடாது.

ஆய்வானால் வரையறையும் வகுஎண்ணும்

பல நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் சறுக்கும் இடம் வேறு. முதலாவது வரையறை. ரத்தத்தில் சி.எம்.வி. தென்படுவது தொற்று, அதோடு காய்ச்சலும் வெள்ளணுக் குறைவும் சேர்ந்தால் சி.எம்.வி. நோய்க்குறித்தொகுப்பு, உறுப்பைத் தாக்கினால் உறுப்பு நோய். குடல் நோய் நிரூபணமாக வேண்டுமென்றால் அறிகுறிகளோடு திசுவிலேயே நோய்க்கூற்றியல் ஆதாரம் வேண்டும். பயாப்சித் துண்டில் பி.சி.ஆர். மட்டும் பாசிட்டிவ் என்றால் அது “சாத்தியம்” என்ற நிலையைத் தாண்டாது. இம்மூன்றையும் ஒரே கூடையில் போட்டு “சி.எம்.வி. 34 பேருக்கு” என்று எழுதினால், அந்த எண்ணை வேறு எந்த மையத்தின் எண்ணோடும் ஒப்பிட முடியாது.

பூஞ்சை நோய்க்கு 2020இல் திருத்தி வெளியான ஐரோப்பிய–அமெரிக்கக் கூட்டு வரையறை இருக்கிறது: நிரூபணமானது, பெரிதும் சாத்தியம், சாத்தியம் என மூன்று படிகள். உறுப்பு மாற்றுப் பெற்றிருப்பது அதில் ஓர் ஏதுநிலையாகவே, அதாவது பூஞ்சை நோய் வர ஏதுவான நிலையாகவே, ஏற்கப்பட்டிருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கான கேலக்டோமன்னன் (அதன் செல்சுவர்ப் பொருள்) சோதனையில் சீரத்தில் அல்லது நுரையீரல் கழுவுநீரில் 1.0 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால் சீரத்தில் 0.7, கழுவுநீரில் 0.8 என இரண்டும் சேர்ந்து எட்டியிருக்க வேண்டும். பழைய வெட்டுப்புள்ளி 0.5ஐ வைத்துத் தரவு திரட்டியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு அளவுகோல்களிலும் எண்ணிக் காட்டினால் இன்னும் நல்லது. நுரையீரல் மாற்று நோயாளியின் சளியில் ஆஸ்பர்ஜில்லஸ் வளர்வது பல நேரம் நோய் உண்டாக்காத வெறும் குடியேற்றமே. அதை நோயென்று எண்ணிவிட்டால் மரண விகிதம் செயற்கையாகக் குறைந்து, சிகிச்சை அற்புதமாக வேலை செய்ததுபோல் தோன்றும்.

வைரஸ் அளவுக்கும் இதே கவனம் வேண்டும். சி.எம்.வி.க்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுத் தர அளவு 2010இல் வந்தது. ஆகவே “பிரதிகள்” என்று எழுதாமல் மில்லிலிட்டருக்கு எத்தனை பன்னாட்டு அலகு என்று எழுத வேண்டும். பிளாஸ்மாவா, முழு ரத்தமா? முழு ரத்தத்தில் எண் பொதுவாகக் கூடுதலாக வரும். இரண்டையும் கலந்து சராசரி எடுப்பது பொருளற்றது. மூன்று மடங்குக்குள், அதாவது 0.5 மடக்கை அலகுக்குள் ஏறி இறங்குவது சோதனையின் இயல்பான ஆட்டமாக இருக்கலாம். 1,200 அலகு 2,000 ஆனதை “சிகிச்சை தோல்வி” என்று எழுதிவிட வேண்டாம். “மருந்துக்கு எதிர்ப்பு” என்ற சொல்லையும் அளந்து பயன்படுத்துங்கள். சரியான அளவில் குறைந்தது இரண்டு வாரம் மருந்து தந்தும் வைரஸ் பத்து மடங்குக்கு மேல் ஏறினால் அது “சிகிச்சைக்கு அடங்காத” தொற்று. யூ.எல்.97, யூ.எல்.54 போன்ற வைரஸ் மரபணுக்களில் மாற்றம் கண்டால்தான் “எதிர்ப்பு”. அந்தச் “சரியான அளவு” என்பதிலேயே பல கேஸ்கள் விழுந்துவிடும்: சிறுநீரகம் பலவீனம் என்று வால்கான்சிக்ளோவிரைக் குறைத்திருப்பார்கள், சிறுநீரகம் மீண்டபின் பழைய 900 மில்லிகிராமுக்கு ஏற்ற மறந்திருப்பார்கள். சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் வெளியேற்ற அளவையும் மருந்தளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மதிப்பீட்டாளருக்கு அந்தச் சந்தேகம் எழாது.

அடுத்தது வகுஎண், அதாவது மொத்தம் எத்தனை பேரில் என்ற எண். “பத்தாண்டுகளில் 20 மியூகார் (கரும்பூஞ்சை) நோயாளிகள்” என்பது பாதித் தகவல். அதே பத்தாண்டில் எத்தனை மாற்றுகள் நடந்தன, எத்தனை பேர் தொடர் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பது மீதிப் பாதி. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் சதவீதத்தைத் தனியே விடாதீர்கள். 12 பேரில் 3 பேர் இறந்தார்கள் என்றால் 25 சதவீதம்தான். ஆனால் 95 சதவீத நம்பக எல்லை (உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 5 முதல் 57 வரை விரிகிறது. அதை எழுதியபின் “மரண விகிதம் குறைவு” என்ற முடிவுரையை எழுத யாருக்கும் கை வராது. 60 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்றாலும் உண்மை விகிதம் 5 சதவீதம் வரை இருக்க வாய்ப்புண்டு. மூன்றை நோயாளி எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல் எல்லை கிடைக்கும்.

புள்ளியியலில் இத்துறைக்கே உரிய இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, போட்டி நிகழ்வு. தொற்று வருமுன்னே இறந்துவிட்டவருக்குத் தொற்று வரப்போவதில்லை. அவரைச் சாதாரணமாகக் கண்காணிப்பிலிருந்து விலகியவராகக் கருதிக் கப்லான்–மையர் வரைபடம் (காலப்போக்கில் எத்தனை பேருக்கு நிகழ்ந்தது என்று காட்டுவது) போட்டால் தொற்று நிகழ்வு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். கல்லீரல், தண்டு அணு மாற்றுகளில் மரணம் அதிகம் என்பதால் பிழையும் பெரிது. மரணத்தைத் தனி நிகழ்வாகக் கணக்கில் எடுக்கும் திரள் நிகழ்வு முறையைப் பயன்படுத்துங்கள். ஒப்பீட்டுக்கு 1999இல் ஃபைனும் கிரேயும் தந்த மாதிரி பல மென்பொருள்களிலும் இருக்கிறது. இன்னொன்று, சாகாக் காலம் என்று சொல்லக்கூடிய பிழை. “ஆறு மாதம் முற்காப்பு மருந்து எடுத்தவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தார்கள்” என்றால், ஆறு மாதம் மருந்து எடுக்க அவர்கள் ஆறு மாதம் உயிரோடு இருந்தே ஆகவேண்டும். இரண்டாம் மாதத்தில் இறந்தவர் தானாகவே “குறைவாக எடுத்தவர்” பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். ஒரு குறிப்பிட்ட நாளை எல்லையாக வைத்து, அன்று உயிரோடிருந்தவர்களை மட்டும் அதன்பின் ஒப்பிடுவது எளிய தீர்வு. சுருக்கத்தில் இதற்கு ஒரே வரிதான் ஆகும். அந்த வரி இருப்பதும் இல்லாததும் மதிப்பெண்ணில் தெரியும்.

யார் என்று தெரியக்கூடாது

உறுப்பு மாற்று நோயாளியை அடையாளம் காண்பது மற்றவர்களைவிட எளிது. ஆண்டுக்குச் சில குடல் மாற்றுகளே நடக்கும் ஊரில், “26 வயதுப் பெண், குடல் மாற்று, மார்ச் மாதம்” என்றால் பெயர் எழுதவே தேவையில்லை. செய்தித்தாள் ஏற்கெனவே எழுதியிருக்கும். கொடையாளரின் குடும்பத்துக்கும் அதே தேதி நினைவிருக்கும். தேதிகளை முழுவதுமாக நீக்கி, மாற்று நாளிலிருந்து எண்ணுங்கள். வயதைப் பத்தாண்டு வரம்பாக மாற்றலாம். தொழில், ஊர், கொடையாளர் இறந்த விதம் ஆகியவை நோயறிதலுக்குத் தேவைப்பட்டால் மட்டும். மேலே காட்டிய புழு கேஸில் கொடையாளர் புழு பரவலாக உள்ள பகுதியில் வாழ்ந்தவர் என்பது தேவை. அந்தப் பகுதியின் பெயர் தேவையில்லை.

படங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்கேன் படத்தின் ஓரத்தில் பெயரும் பதிவு எண்ணும் பதிந்திருக்கும். பவர்பாயின்டில் அந்த ஓரத்தை வெட்டினால் கண்ணுக்கு மறைகிறதே தவிர, வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும். யாரும் திரும்ப விரித்துப் பார்க்கலாம். வெட்டிய பகுதியை நீக்கும் கட்டளையையும் கொடுங்கள், அல்லது படத்தைப் புதிதாகச் சேமித்து ஏற்றுங்கள்.

கேஸுக்கு நோயாளியின் எழுத்து ஒப்புதல் வேண்டும், இறந்திருந்தால் குடும்பத்தாரிடம். பழைய பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணோ விலக்குக் கடிதமோ வேண்டும், அதுவும் தரவு எடுக்கத் தொடங்குமுன். அனுப்பும் நாளன்று விண்ணப்பித்து முன்தேதியிட முடியாது. மாற்றுத் துறை மாநாடுகளில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு: உறுப்புகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி. 2008இன் இஸ்தான்புல் பிரகடனம் உறுப்பு வணிகத்தையும் அதற்கான பயணத்தையும் கண்டித்தது. அதன் வழியில், மரண தண்டனைக் கைதிகளின் உறுப்புகளோ விலைக்கு வாங்கியவையோ ஆய்வில் இல்லை என்று உறுதி கேட்கும் படிவங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் விலை கொடுத்து மாற்று செய்து தொற்றோடு திரும்பிய நோயாளியைப் பற்றி எழுதுவது வேறு விஷயம். அவருக்குச் சிகிச்சை தந்ததை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது.

தளத்தில் ஏற்றும்போது

வரம்பு மாநாட்டுக்கு மாநாடு மாறும். 250 முதல் 350 சொற்கள் என்பது வழக்கம். 280 சொல் இருந்தால் பின்னணிக்கு 40, முறைக்கு 70, முடிவுகளுக்கு 130, முடிவுரைக்கு 40 என்று பிரிப்பது உதவும். பின்னணியில் பாதியைச் செலவழித்துவிட்டு முடிவுகளை மூன்று வரியில் நெருக்குவது மிகப் பரவலான தவறு. “முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்” என்று எழுதினால் தள்ளுபடி கிட்டத்தட்ட உறுதி.

வேர்டு கோப்பிலிருந்து ஒட்டும்போது குறியீடுகள் மாறிப்போகும். மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து சிம்பல் எழுத்துருவில் இருந்தால், ஒட்டியபின் அது வெறும் ‘எம்’ ஆகிவிடும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் 200 மில்லிகிராமாக அச்சாகும். ஆயிரம் மடங்கு பிழை, உங்கள் பெயரோடு. அலகைச் சொல்லாகவே எழுதிவிடுவது நிம்மதி. ஏற்றியபின் முன்தோற்றத்தை அச்செடுத்து, எழுதாத ஒருவரிடம் கொடுத்து எண்களை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்: முறைப் பகுதியில் 118 பேர், முடிவில் 116 பேர் என்றால் அந்த இருவர் எங்கே?

மதிப்பீடு பெயர் மறைத்து நடக்கும் மாநாட்டில் “எங்கள் மையமாகிய…” என்று மருத்துவமனையை உள்ளே குறிப்பிட்டால் மதிப்பீட்டுக்குப் போகாமலே திரும்பிவிடலாம். கடைசி நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள்; மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 23:59 என்பது வேறிடத்தில் மறுநாள் அதிகாலையாகவோ அன்று மதியமாகவோ இருக்கும். ஆசிரியர் பெயர்களை ஏற்றுமுன் ஒவ்வொருவரும் இறுதி வடிவத்தைப் படித்துச் சம்மதித்திருக்க வேண்டும். மாற்று அறுவை மருத்துவர், நுண்ணுயிரியலாளர், நோய்க்கூற்றியலாளர் ஆகியோரைக் கேட்காமல் விட்டுவிட்டு அவர்களுடைய படங்களை மட்டும் போடுவது கசப்பில்தான் முடியும். மருந்து நிறுவன நிதி, உரைக்குப் பெற்ற கட்டணம் எல்லாவற்றையும் அறிவிக்கும் பெட்டியை ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியே நிரப்ப வேண்டியிருக்கும். கடைசி மணி நேரத்தில் ஒருவர் விமானத்தில் இருந்தால் எல்லோருடைய சமர்ப்பிப்பும் நின்றுபோகும்.

ஏற்கெனவே வேறு மாநாட்டில் வந்ததை மீண்டும் அனுப்ப அனுமதி உண்டா என்பதை விதியில் படித்து, உண்டு என்றால் மறுவழங்கல் என்று குறிப்பிட்டே அனுப்புங்கள். மாநாட்டுச் சுருக்கமாக வெளிவந்திருப்பது பிற்பாடு முழுக் கட்டுரையாக வெளியிடுவதை மருத்துவ இதழ்களில் பொதுவாகத் தடுப்பதில்லை. சுருக்கத்தோடு நின்றுவிடும் ஆய்வுகள்தான் கவலை: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட பெரிய தொகுப்பில், எல்லா மருத்துவத் துறைகளையும் சேர்த்து, மாநாட்டுச் சுருக்கங்களில் 37 சதவீதமே முழுக் கட்டுரையாயின. அபூர்வத் தொற்றில் சிகிச்சை தேடும் மருத்துவருக்கு மீதி 63 சதவீதம் பெரும்பாலும் கைக்கு எட்டாது.

அனுப்பிய நாளுக்கும் மாநாட்டுக்கும் இடையே பல மாதங்கள் ஓடும். அதற்குள் எதிர்ப்பு மரபணுச் சோதனை முடிவு வரலாம், உறுப்பு செயலிழக்கலாம், 90ஆம் நாள் நலமாக இருந்தவர் 150ஆம் நாள் இறந்திருக்கலாம். சுருக்கத்தை மாற்ற முடியாது, போஸ்டரை மாற்றலாம். மேல் வலது மூலையில் “சுருக்கம் அனுப்பியபின் சேர்த்தது” என்று தலைப்பிட்ட சிறு கட்டம் ஒன்று போட்டு, இறுதியாகப் பார்த்த நாளையும் அன்றைய நிலையையும் எழுதுங்கள்: “198ஆம் நாள்: உயிருடன், கிரியாட்டினின் 1.9, ஐவர்மெக்டின் நிறுத்தி 90 நாள், மலத்தில் புழு இல்லை, இரண்டாவது சிறுநீரகம் பெற்றவருக்கு முன்கூட்டியே சிகிச்சை, அறிகுறி இல்லை.”